பினான்சியல் அட்வைசர் எண்டு வாறவருக்கு காசு குடுக்கிறது ஆர்?

கிளிநொச்சி டவுனில டிப்போச் சந்தியில இருந்து கரடிப்போக்குச் சந்தி வரைக்கும் ஏ9 ரோட்டால ஒருக்கா போய்ப் பாத்தீங்களெண்டா பாங்க், லீசிங், இன்சூரன்ஸ், நகை அடகு எண்டு வரிசையா போர்ட்டுகள்தான். அந்த போர்ட்டுகளுக்குள்ள இருந்து வெளிக்கிட்டு மோட்டச்சைக்கிளில பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு வீட்டுக்கு வீடு வாற பிள்ளையளின்ர கார்ட்டை வாங்கிப் பாத்தா ஒருத்தர் நிதி ஆலோசகர், ஒருத்தர் பினான்சியல் பிளானர், இன்னொருத்தர் வெல்த் அட்வைசர். பேர் எல்லாம் ஒரே மாதிரி, ஆனா செய்யிற வேலை ஒண்டில்லை. சட்டத்தில அவைக்கு இருக்கிற பொறுப்பும் ஒண்டில்லை. சம்பளம் எங்கயிருந்து வருது எண்டதும் ஒண்டில்லை, எனக்கு இதில முக்கியமாப் படுறது இந்தக் கடைசி விசயம்தான். ஆர் காசு குடுக்கினம் எண்டு தெரிஞ்சா அவர் சொல்லுற ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் எண்டது பாதி விளங்கிடும்.

வன்னியில இது ஏன் இவ்வளவு குழப்பமாக் கிடக்கு எண்டு விளங்க கொஞ்சம் பின்னால போகவேணும். 2009ல யுத்தம் முடிய முன்னம் இஞ்ச ஆக்கள் காசு வச்ச இடங்களில 1994ல யாழ்ப்பாணத்தில தொடங்கி பிறகு வன்னிக்கு வந்த, புலிகள் நடத்தின தமிழீழ வைப்பகமும் ஒண்டு. அதில காசு போட்டவை, நகை ஈடு வச்சவை எல்லாருக்கும் அது அந்த வருசத்தோட போச்சு. கையில மிஞ்சின நகையைத் தாட்டு வச்சிட்டு வந்தவை, முகாமுக்குள்ள அரிசிக்கும் பாலுக்கும் வித்தவை எண்டு ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு கதை இருக்கு. பிறகு மீள்குடியேற்றம். ரோட்டுப் போட முதலே கம்பனியள் வந்திட்டுது எண்டு சனம் சொல்லுற அளவுக்கு பாங்கும் லீசிங்கும் வந்து இறங்கினது. இந்திய வீட்டுத்திட்டத்தில குடும்பத்துக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் குடுத்தாங்கள், அது நல்ல காரியம், ஆனா சாமான் விலையும் கூலியும் ஏறி அந்தக் காசில வீட்டை முடிக்க ஏலாமல் நிலத்துக்கும் கூரைக்கும் எண்டு கடன் எடுத்த சனம் நிறைய. வருமானம் வரத் தொடங்க முதலே தவணை வரத் தொடங்கிட்டுது.

அதுக்குப் பிறகு கிழமைக்கடன், குழுக்கடன். அஞ்சாறு பொம்பிளையளைச் சேத்து ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை வச்சுக் குடுக்கிறது, ஒராள் கட்டாட்டி மற்றவை சேந்து கட்டவேணும். 2018ல அரசாங்கம் வறட்சியால பாதிக்கப்பட்ட மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்து நிலுவையில நிண்ட 1 லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தான் பொறுப்பெடுக்கிறன் எண்டு அறிவிக்கிற நிலைமைக்கு அது போனது, மத்திய வங்கியும் நுண்கடனுக்கு வருசத்துக்கு 35 வீதம் எண்டு உச்ச வட்டி வச்சுது. அந்தக் கடனைக் குடுக்க வந்த ஆளும் முற்றத்தில கதிரை போட்டு இருந்து "அக்கா, நீங்கள் ஒரு சின்னத் தொழில் தொடங்கலாம்" எண்டு ஆலோசனைதான் சொன்னவர். அவருக்கு எத்தினை பேருக்குக் கடன் குடுத்தார் எண்டதுக்குத்தான் புள்ளி. அந்தத் தொழில் ஓடுமோ ஓடாதோ எண்டதுக்கு இல்லை.

சரி, இப்ப ஒவ்வொருத்தராப் பாப்பம்.

பாங்கில இருக்கிற ஒபிசரும் லீசிங் கம்பனி மார்க்கட்டிங் ஒபிசரும் மாசச் சம்பளக்காரர், ஆனா அவைக்கு டார்கெட் இருக்கு. இந்த மாசம் இவ்வளவு எப்.டி (நிலையான வைப்பு) சேக்கவேணும், இவ்வளவு லோன் குடுக்கவேணும் எண்டு. அவை கெட்ட ஆக்கள் இல்லை, கன பேர் எங்கட ஊர்ப் பிள்ளையள்தான், தங்கட கம்பனியின்ர சாமானை விக்கிறது அவையின்ர வேலை, அவ்வளவுதான். பக்கத்து பாங்கில வட்டி நல்லம் எண்டோ, நீங்கள் இந்த லோனை எடுக்காமல் விடுறது நல்லம் எண்டோ அவர் சொல்லுவார் எண்டு எதிர்பார்க்க ஏலாது. திறைசேரி உண்டியல் எண்டு ஒண்டு இருக்கு, அரசாங்கம் எடுக்கிற குறுங்காலக் கடன், முதனிலை வணிகர், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை விக்க அனுமதி உள்ள நிறுவனங்கள் ஊடா எங்கள மாதிரி ஆக்களும் வாங்கலாம். 2022 கடைசியில அதின்ர வட்டி 30 வீதத்துக்குக் கிட்டப் போனது. எப்.டி டார்கெட் இருக்கிற ஆள் அதைப் பற்றி வாய் திறக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதே காலத்தில விலைவாசி ஏத்தம் எவ்வளவு? 2022 செப்ரெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணக்கில 69.8 வீதம். எப்.டிக்கு இருபது, இருபத்தஞ்சு வீதம் தாறம் எண்டு சொல்லேக்க அது பெரிய லாபம் மாதிரித்தான் தெரிஞ்சுது, ஆனா அந்தக் காசால வாங்கக்கூடிய அரிசியும் உரமும் குறைஞ்சுகொண்டுதான் போனது. இந்த ரெண்டையும் பக்கத்தில வச்சுச் சொல்லுறவர்தான் உண்மையான ஆலோசகர்.

லீசிங் பக்கம் கட்டாயம் விளங்கிக்கொள்ளவேண்டியது பிளாட் வட்டி. 1 லட்சம் எடுக்கிறீங்கள், ஒரு வருசம், 20 வீதம் எண்டு சொல்லீனம். வட்டி 20,000, மொத்தம் 1,20,000, மாசம் 10,000. கணக்குச் சரியாத்தான் தெரியும். ஆனா முதல் மாசமே நீங்கள் எடுத்த கடன் தொகையில ஒரு பகுதியைத் திருப்பிக் குடுக்கத் தொடங்கிட்டீங்கள், ஆறாம் மாசம் தாண்டேக்க அந்தத் தொகையில பாதிக்கு மேல கட்டியாச்சு, எண்டாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போட்டபடிதான் நிக்குது. குறைஞ்சுகொண்டு போற மீதிக்குக் கணக்குப் பாத்தா அந்த 20 வீதம் உண்மையில வருசத்துக்கு 35 வீதம் அளவுக்கு வருது. பாங்கில 24 வீதம், குறையிற மீதிக்கு, எண்டு ஒருத்தர் சொல்லுறதும் லீசிங்கில 20 வீதம் பிளாட் எண்டு ஒருத்தர் சொல்லுறதும் கேட்டா ரெண்டாவது மலிவு மாதிரி இருக்கும், உண்மையில முதலாவதுதான் மலிவு. லேண்ட்மாஸ்ரருக்கோ (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஓட்டோவுக்கோ கையெழுத்து வைக்க முதல் "குறையிற மீதிக்கு எத்தினை வீதம்?" எண்ட ஒரு கேள்வியைக் கேளுங்கோ. பதில் சொல்லத் தயங்கினா எழும்பி வாங்கோ.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேற ஆள். இவருக்குப் பெரும்பாலும் கொமிசன்தான் வருமானம், ஆயுள் காப்புறுதியில முதல் வருசக் கட்டுப்பணத்தில இருந்து போற கொமிசன்தான் கூட, பிறகு வருசா வருசம் குறைஞ்சு கொண்டு போகும். அதால புதுப் பொலிசி போட வைக்கிறதில இருக்கிற உசார் பழைய பொலிசியைப் பாக்கிறதில இருக்காது. இலங்கையில காப்புறுதியைக் கண்காணிக்கிறது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 2000ம் ஆண்டு 43ம் இலக்கச் சட்டம். அதில ஏஜென்ட் வேற, புறோக்கர் வேற. ஏஜென்ட் கம்பனியின்ர ஆள், கம்பனிக்காகக் கதைக்கிறவர். புறோக்கர் வாடிக்கையாளருக்காக நாலு கம்பனியைப் பாத்து எடுத்துக் குடுக்கவேண்டியவர். அவருக்கும் கொமிசன் கம்பனியில இருந்துதான் வாறது, எண்டாலும் ஒரு கம்பனியோட கட்டுப்பட்டு நிக்கிற ஆள் இல்லை. வன்னியில வீட்டுக்கு வாறவை அனேகமா எல்லாரும் ஏஜென்ட்தான்.

பொலிசி விக்கிற நேரம் அது சேமிப்பு மாதிரிச் சொல்லப்படும். பிள்ளையின்ர படிப்புக்கு, கலியாணத்துக்கு எண்டு. கன பொலிசியளில முதல் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள கட்டுறதை நிப்பாட்டினா கையில ஒண்டும் வராது அல்லது வாறது சொற்பம். எங்கட ஆக்களின்ர வருமானம் காலபோகம், சிறுபோகம் எண்டு வருசத்தில ரெண்டு தரம் வாற வருமானம். இரணைமடுக் குளத்தில தண்ணி இல்லையெண்டா சிறுபோகமே இல்லை. தண்ணி கூடினா 2018 டிசம்பர் மாதிரி, வான்கதவு திறந்து வயலும் வீடும் தண்ணிக்குள்ள. இப்பிடிப்பட்ட வருமானம் உள்ள வீட்டுக்கு மாசா மாசம் தவறாமல் கட்டவேண்டிய ஒரு பொலிசியை 15 வருசத்துக்கு எழுதிக் குடுக்கிறது அந்த வீட்டின்ர நிலைமையைப் பாத்துச் செய்யிற வேலை இல்லை. அந்த வீட்டுக்குத் தேவை உழைக்கிற ஆளுக்கு ஏதும் நடந்தா ஒரு தொகை வாற, கட்டுப்பணம் குறைஞ்ச, சேமிப்புக் கலக்காத காப்புறுதி. அதோட கமநல சேவை நிலையத்தில போய் பயிர்க் காப்புறுதி விசயத்தையும் ஒழுங்கா விசாரிக்கவேணும். சேமிப்புக் கலக்காத பொலிசியில ஏஜென்ட்டுக்கு வாறது கொஞ்சம். அதால அது உங்கட வாசலுக்குத் தானா வந்து சேராது, நீங்கள்தான் கேக்கவேணும். வயல் வருமானக்காரர் வருசத்துக்கு ஒருக்கா கட்டுற மாதிரிப் போடலாமோ எண்டும் கேளுங்கோ, மாசியில நெல்லு வித்த கையோட கட்டிவிட்டா தலையிடி குறைவு.

பங்குச்சந்தைப் பக்கம் இன்னொரு கூட்டம். கொழும்பு பங்குச்சந்தையில பங்கு வாங்கிறதெண்டா புறோக்கர் கம்பனி ஊடாத்தான், அங்க வேலை செய்யிறவையை முதலீட்டு ஆலோசகர் எண்டுதான் கூப்பிடுறது. அவை பரீட்சை எழுதி வந்தவை, இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின்ர கண்காணிப்புக்குக் கீழ, 2021ம் ஆண்டு 19ம் இலக்கச் சட்டம்தான் இப்ப நடைமுறையில. ஆனா அவையின்ர கம்பனிக்கு வருமானம் நீங்கள் வாங்கேக்கயும் ஒரு தரகு, விக்கேக்கயும் ஒரு தரகு. அடிக்கடி மாத்தச் சொல்லுறவரின்ர ஆலோசனையை இதை மனசில வச்சுக்கொண்டு கேக்கவேணும். யூனிட் ட்ரஸ்ட் எண்டா ஒரு முகாமைத்துவக் கம்பனி கன பேரின்ர காசைச் சேத்து முதலிடும், சொத்தை வச்சிருக்கிறது ட்ரஸ்டியா நிக்கிற பாங்க், கம்பனி தன்ர கட்டணத்தை வருசாவருசம் நிதியத்துக்குள்ளயே எடுக்கும். வன்னியில இது இன்னும் பெரிசா வரேல்லை. போன் அப் ஊடா கணக்குத் திறக்கலாம் எண்டதால பொடியள் தொடங்கீனம்.

எக்கவுண்டன், ஓடிட்டர், டக்ஸ் பாக்கிறவர் தனி. அவை முதலீட்டு ஆலோசனை சொல்லுற ஆக்கள் இல்லை, கணக்கும் வரியும் அவையின்ர வேலை, அதுக்கு நீங்கள் நேரா பீஸ் குடுப்பீங்கள். ஆனா சின்ன விசயம் எண்டு நினைக்கிறதில இவை மிச்சம் பிடிச்சுத் தருவினம். 2025 ஏப்ரலில இருந்து எப்.டி வட்டியில 10 வீதம் முற்பண வரி கழிக்கிறாங்கள், வருசத்துக்கு 18 லட்சத்துக்குக் கீழ வருமானம் உள்ளவை பாங்கில ஒரு வெளிப்படுத்தல் படிவம் குடுத்தா அதைக் கழிக்காமல் விடலாம். வட்டியில சீவிக்கிற எத்தினை வயசு போன ஆக்களுக்கு இது தெரியும்?

இவ்வளவு பேரையும் சொல்லிப்போட்டு, சனம் அட்வைசர் எண்டு மனசில நினைக்கிற ஆளைப் பற்றி இன்னும் சொல்லேல்லை. குடும்பத்தின்ர வரவு, செலவு, கடன், நகை, காணி, பிள்ளையளின்ர வயசு எல்லாத்தையும் கேட்டு, ஒண்டையும் விக்காமல், இதைச் செய், இதைச் செய்யாத எண்டு சொல்லி அதுக்கு உங்களிட்ட மட்டும் பீஸ் வாங்குற ஆள். உண்மையான பிளானர் எண்டா அதுதான். அந்த ஆள் எங்கட பக்கம் இல்லை எண்டே சொல்லலாம், ஏனெண்டா ஆலோசனைக்கு எண்டு காசு குடுக்கிற பழக்கம் எங்களிட்ட இல்லை. ஆலோசனை சும்மா கிடைக்குது எண்டு நினைக்கிறம், ஆனா அதுக்கான காசு கட்டுப்பணத்துக்குள்ளயும் வட்டிக்குள்ளயும் ஏற்கனவே போட்டுத்தான் இருக்கு.

வெளிநாடுகளில இதுக்குச் சண்டை பிடிச்சுச் சட்டம் கொண்டு வந்திருக்கிறாங்கள். பிரித்தானியாவில 2012 டிசம்பர் 31ல இருந்து முதலீட்டு ஆலோசனைக்கு கம்பனியிட்ட கொமிசன் வாங்குறதை நிப்பாட்டி வாடிக்கையாளர்தான் பீஸ் குடுக்கவேணும் எண்டு ஆக்கினாங்கள். இந்தியாவில பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2013ல முதலீட்டு ஆலோசகர் விதிகள் கொண்டு வந்தது, ஒரே ஆளுக்கு ஆலோசனைக்குப் பீசும் வாங்கி சாமான் வித்துக் கொமிசனும் வாங்க ஏலாது. எங்கட சனம் நிறைய இருக்கிற கனடா ஒன்ராறியோவில 2022 மார்ச் 28ல இருந்து பினான்சியல் பிளானர், பினான்சியல் அட்வைசர் எண்ட பேரை அங்கீகரிச்ச தகுதி இல்லாமல் பாவிக்க ஏலாது. ரொறன்ரோவில இருக்கிற மாமாவோ சித்தியோ "ஒரு அட்வைசரைப் பிடி" எண்டு போனில சொல்லேக்க அவை நினைக்கிறது அந்தச் சட்டத்துக்குக் கீழ இருக்கிற ஆளை. இஞ்ச கார்ட்டில அந்தப் பேர் இருக்கிறது ஒரு தகுதியையும் காட்டாது. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் வெளிநாட்டுக் காசு கன இடத்தில தவறான ஆளின்ர சொல்லுக் கேட்டுப் போகுது.

ஒரு உதாரணம் எடுப்பம். முள்ளியவளையில ஒரு ரீச்சர் பென்சன் எடுக்கிறா எண்டு வைப்பம், கையில மொத்தமா 20 லட்சம் வருது. பாங்க் மனேஜர் தன்ர பாங்கிலயே முழுக்க எப்.டி போடச் சொல்லுவார். பினான்ஸ் கம்பனிக்காரர் எங்களிட்ட ரெண்டு வீதம் கூட எண்டுவார். இன்சூரன்ஸ் தம்பி ஒரே தடவையில கட்டுற ஓய்வூதியத் திட்டம் ஒண்டைக் கொண்டு வருவார். புறோக்கர் நல்ல பாங்க் பங்கு ரெண்டு சொல்லுவார். மருமோன் ஒரு வான் எடுப்பம் எண்டுவார். அஞ்சு பேரும் தங்கட பக்கத்தில இருந்து பாத்தா சொல்லுறது பிழையில்லை.

ஒண்டும் விக்காத ஆள் முதல் கேக்கிற கேள்வி வேற. "ரீச்சர், வீட்டில ஆருக்கும் கடன் இருக்கோ?" மகன் ஓட்டோவுக்கு எடுத்த லீசிங் இன்னும் 4 லட்சம் நிக்குது, உண்மையான வட்டி 30 வீதத்துக்கு மேல. எப்.டி வட்டி 8, 9 வீதம். அந்த 4 லட்சத்தைக் கட்டி மூடுறதை விட நல்ல முதலீடு அந்தக் குடும்பத்துக்கு இந்த நாட்டில இல்லை. மூட முதல் கம்பனியிட்ட முற்கூட்டி முடிக்கிற தொகை எவ்வளவு, அதுக்கு மேலதிகக் கட்டணம் இருக்கோ எண்டு எழுத்தில வாங்கவேணும். பிறகு அடகில இருக்கிற நகை. பிறகு ஆறு மாசச் செலவுக்கு, உடன எடுக்கக்கூடிய மாதிரி சேமிப்புக் கணக்கில. மிச்சத்தைத்தான் எப்.டி, அதுவும் அனுமதிப்பத்திரம் உள்ள இடமாப் பாத்து. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில ஒராளுக்கு 11 லட்சம் வரைக்கும்தான், அதுக்கு மேல போகுதெண்டா ரெண்டு இடத்தில பிரிச்சு வைக்கவேணும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தி பினான்ஸ் கம்பனி எவ்வளவு பழைய பேர், 2020 மே மாசம் மத்திய வங்கி அதின்ர அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தது, வைப்புச் செய்தவைக்கு முதலில கிடைச்சது அந்தக் காப்புறுதிக் காசுதான், அண்டைய உச்சத்தொகை 6 லட்சம்.

அப்ப எங்கட கூட்டுறவுச் சங்கங்கள்? சிக்கன கடனுதவுச் சங்கம், பனை தென்னை வளச் சங்கம், மாதர் சங்கம் நடத்துற சுழற்சி நிதி இதுகளில இருக்கிறவைதான் உண்மையில வன்னியில ஆலோசகர் வேலையைச் செய்யிற ஆக்கள் எண்டு நான் நினைக்கிறன். அந்தச் சங்கத் தலைவிக்கு ஆரின்ர வீட்டில என்ன நிலைமை எண்டு தெரியும், போன போகம் நெல்லு எவ்வளவு விளைஞ்சது எண்டு தெரியும், "பிள்ளை, இந்தக் கடன் உனக்கு இப்ப வேண்டாம்" எண்டு முகத்துக்கு நேர சொல்லுவா, சொல்லுறதால அவவுக்கு ஒரு நட்டமும் இல்லை. இந்த ஆக்களுக்கு முறையான பயிற்சி குடுத்து, பிளாட் வட்டிக் கணக்கு, பொலிசி வாசிக்கிறது, வைப்புக் காப்புறுதி எண்டதுகளைப் படிப்பிச்சா கொழும்பில இருந்து ஒரு பிளானர் வாறதை விடப் பெரிய வேலை நடக்கும். ஆனா ஒண்டு, கூட்டுறவு கிராமிய வங்கியும் சங்கங்களும் மத்திய வங்கிக்குக் கீழ வராது, கூட்டுறவுத் திணைக்களத்துக்குக் கீழ. அந்த 11 லட்சக் காப்புறுதியும் அங்க போடுற காசுக்கு இல்லை. கணக்காய்வு அறிக்கை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில வாசிக்கேக்க இருந்து கேளுங்கோ, கையெழுத்து வச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வராதேங்கோ.

ஒரு ஆலோசகரும் வாய் திறக்காத சேமிப்பு ஒண்டும் இருக்கு. அறிவியல் நகர்ப் பக்கம் காமென்ட்ஸுக்கு (ஆடைத் தொழிற்சாலைக்கு) போற பிள்ளையளுக்கு இபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு சம்பளத்தில 8 வீதம் கழிச்சு கம்பனி 12 வீதம் போடவேணும், அதுக்கு மேல ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். இதில ஆருக்கும் கொமிசன் இல்லை, அதால ஆரும் கதைக்கிறேல்லை. சின்னக் கடையள், மில்லுகள், ஸ்ரோருகளில வேலை செய்யிறவையும் உங்கட பேரில அது போகுதோ எண்டு தொழில் திணைக்களத்தில போய்ப் பாருங்கோ, போகாட்டி அங்கயே முறைப்பாடு குடுக்கலாம்.

வட்சப்பில வாற ஆக்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ரெண்டு பேரைச் சேத்துவிட்டா காசு, டொலரில நாளுக்கு இவ்வளவு வீதம், கிரிப்டோ எண்டு வாறது ஆலோசனையே இல்லை. பிரமிட் திட்டம் நடத்துறது, அதில ஆள் சேக்கிறது ரெண்டும் வங்கிச் சட்டத்தின்ர 83சி பிரிவில குற்றம். சொந்தக்காரர் கேட்டா எண்டு சேந்து பிறகு இன்னொரு சொந்தக்காரரைச் சேத்தவையும் அதுக்குள்ள வந்திடுவினம். தடை செய்த திட்டங்களின்ர பட்டியலையும் அனுமதிப்பத்திரம் உள்ள பாங்க், பினான்ஸ் கம்பனிகளின்ர பட்டியலையும் மத்திய வங்கி தன்ர இணையத்தளத்தில போட்டிருக்கு, காசு குடுக்க முதல் போனில எடுத்துப் பாக்க அஞ்சு நிமிசம் காணும்.

வீட்டுக்கு வந்த ஆளிட்ட நீங்கள் ஆரின்ர ஆள், நான் இதை எடுத்தா உங்களுக்கு என்ன வரும், இடையில நிப்பாட்டினா எனக்கு என்ன வரும் எண்டு மூண்டையும் மரியாதையாக் கேக்கலாம், தம்பி குறை நினைக்காதேங்கோ எண்டு சொல்லிக் கேக்கலாம். நல்ல பிள்ளையெண்டா நேரா பதில் சொல்லும். போமைத் தமிழில கேளுங்கோ, வெறும் போமில கையெழுத்து வைக்காதேங்கோ, ஒரு கொப்பி வாங்காமல் ஆளை அனுப்பாதேங்கோ. பிறகு பிரச்சினை வந்தா முதல் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில குடுத்து, குடுத்த திகதியோட அதின்ர கொப்பியை வச்சிருக்கவேணும். பதில் வராட்டி பாங்க், பினான்ஸ், லீசிங் விசயமெண்டா மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935க்கு அடிக்கலாம். இன்சூரன்ஸ் எண்டா காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அல்லது ஆணைக்குழு, பங்கு எண்டா பிணையங்கள் ஆணைக்குழு. கூட்டுறவு எண்டா உங்கட மாவட்டக் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர். எங்க போனாலும் அந்தக் கொப்பியைத்தான் முதல் கேப்பினம்.